இருநூறு ராண்ட் பூசணிக்கா

...கோர்ட்டுக்குத்தான் தம்பி, வேற எங்க? இந்த டாக்ஸி நெறஞ்சாத்தானே கெளம்பும்! இன்னும் ரெண்டு சீட்டு காலி. கொஞ்சம் நகந்து உக்காரு, மடியில பூசணிக்கா உருளுது. ஆங்... அப்படி.

அநியாயத்தக் கேளு. கஞ்சா வளக்கலாம்னு பெரிய கோர்ட்டே சொல்லிடுச்சா? சொல்லிடுச்சு. வீட்டுக்குள்ள புகைச்சுக்கலாம், சும்மா குடுக்கலாம், புடிக்க மாட்டாங்களாம்! எங்க ஊரு லுசிகிசிக்கி பூரா ஒரே ஆட்டம். நானும் ஆடினேன், இந்த முட்டிய வெச்சுக்கிட்டு. எங்க மலைச்சரிவுல வேற என்ன வெளையுது? எம் புள்ளைங்க படிச்சதே அதுலதான். அப்புறம் சொல்றாங்க, விக்கக் கூடாதாம்! பசுவ வளத்துக்க, பால விக்காதேங்கற மாதிரி! தண்டனை இல்லன்னா அனுமதின்னு அர்த்தம் இல்லயாம், வக்கீல் சொல்றாரு. விக்க லைசென்ஸ் வேணும். அதுக்கு வேலி, கேமரா, காவலாளு... எங் குடிசைக்குக் கதவே தகரம்யா!

சும்மா இருப்பேனா நானு? பூசணிக்கா வித்தேன். பூசணிக்கா விக்கலாம்ல? ஒண்ணு இருநூறு ராண்ட்... சிரிக்காதே! வெலை பூசணிக்காவுக்குத்தான். கூட ஒரு பொட்டலம், அது பரிசு. சட்டம் எங்க இடிக்குது?

நல்லாத்தான் போச்சு. டர்பன்லேர்ந்து வந்தான் ஒருத்தன், தெம்பெலான்னு பேரு. கண்ணாடி என்ன, ஷூ என்ன! பரிச வாங்கினான், மோந்து பாத்தான், பையில போட்டான். "பூசணிக்கா எனக்கு ஒத்துக்காதும்மா"ன்னுட்டு நடையக் கட்டிட்டான்! வயிறு எரியுமா எரியாதா? நேரா போலீஸ் ஸ்டேஷன்... ஆமா, நானேதான் போனேன்! திருட்டுன்னா அங்கதானே போகணும்? அங்க டூட்டியில உக்காந்திருந்தவ என் தங்கச்சி மக. கண்ணக் கண்ணக் காட்டறா. "பரிச எப்படிப் பெரியம்மா திருட முடியும்?"ங்கறா. வந்துச்சே எனக்குக் கோவம்! "பரிசாவது மண்ணாவது, அது வித்த சரக்குடி! ஊர்ல பாதிப் பேருக்கு நாந்தான் விக்கறேன், போய்க் கேளு!"ன்னு மேஜையத் தட்டினேன்... பின்னால பெரிய அதிகாரி நிக்கறாரு.

இன்னிக்குத் தீர்ப்பு. தோட்டத்தப் புடுங்கிப் போடச் சொல்லிட்டா நான் எங்க போவேன்? பயமாத்தான் இருக்கு தம்பி. ராத்திரி பூரா தூக்கமில்ல.

என்ன, ஒனக்கும் முட்டி வலியா? மொதல்லயே சொல்றதுக்கென்ன! இந்தா, சட்டைக்குள்ள வெச்சுக்க. பரிசு! பூசணிக்காதான் இருநூறு... ஓ, சில்லறை மாத்தணுமா? சரி, போயிட்டு ஓடியா. ஒன் சீட்ட நான் பாத்துக்கறேன்.

ஏய்... அது வேற டாக்ஸிடா! தம்பி! பூசணிக்கா! அய்யய்யோ, கெளம்பிட்டானே! யாராவது போலீ...

ம்ஹும். வேணாம். ஒண்ணுமில்லம்மா, நீ உக்காரு.

டிரைவர் தம்பி, ஒரு பூசணிக்கா இருக்கு, வேணுமா? இருநூறெல்லாம் இல்லப்பா... இருபது குடு போதும். வெறும் பூசணிக்காதான்.