முப்பதுக்கும் முப்பத்திரண்டுக்கும் நடுவில்

வகுப்பில் இருக்கிற தலைகளை எண்ணினால், பதில் சொன்ன குரல்களைவிட ஒன்று குறைகிறது. இவ்வளவுதான் பிரச்சினை. கேட்டால் சின்னக் கணக்கு... ஆனால் அத்தானால் அதைத் தீர்க்க முடியவில்லை.

கதவோரம் இருப்பவர் கொஞ்சம் உள்ளே தள்ளி உட்காருங்கள். சொல்கிறேன்.

அத்தான் என்றால் என் நண்பனுடைய அக்கா கணவர். ஒரு தனியார் கல்லூரியில் மாலை வகுப்புக்கு இயற்பியல் வாத்தியாராகச் சேர்ந்தார். வகுப்பு ஏழு மணிக்கு. பஸ் பெரிய சாலையிலேயே இறக்கிவிட்டுப் போய்விடும். அங்கிருந்து ஒற்றைத் தார்ச்சாலை. இரண்டு பக்கமும் காலி மனைகள், எரியாத விளக்குக் கம்பங்கள். நடந்தால், தன் செருப்புச் சத்தமே பின்னால் யாரோ வருகிற மாதிரி கேட்கும்.

கல்லூரியின் வரலாறு வாசலில் பளிங்குக் கல்லில் இருக்கிறது. தகரக் கொட்டகையில் தொடங்கி, வருடத்துக்கு ஒரு மாடியாக உயர்ந்த கதை. மாணவர்கள் சொல்லும் வரலாறு வேறு. கட்டடம் முடிவதற்கு முன்பே ஆள் சேர்த்துவிட்டார்களாம். "நாம பாஸாகிப் போறதுக்குள்ள கக்கூஸுக்குக் கதவு வந்துடும்டா" என்று முதல் செட் பையன்கள் பேசிக்கொண்டது இன்றைக்கும் அங்கே உலவுகிறது. எதைக் கேட்டாலும் கிண்டல்தான். ஒன்றைக் கேட்டால் மட்டும் சிரிக்க மாட்டார்கள்... ஒவ்வொரு மாடியிலும் படிக்குப் பக்கத்தில் ஒரு வாசல் செங்கல் வைத்து அடைக்கப்பட்டிருக்கிறதே, அது என்ன?

சரி, கணக்குக்கு வருவோம். அத்தான் முதலில் பிராக்ஸி என்றுதான் நினைத்தார். வராதவனுக்காக நண்பன் "எஸ் சார்" சொல்வது. அதிலும் ஒரு நுட்பம் இருக்கிறது, கவனியுங்கள். தலையைக் குனிந்து மேசைக்குள் பேசினால், மரம் குரலின் கூர்மையைத் தின்றுவிடும். சுவரைப் பார்த்துப் பேசினால், குரல் சுவரில் பட்டு வேறு மூலையிலிருந்து வரும். வாத்தியார் அந்த மூலையைப் பார்ப்பார். சொன்னவன் இந்த மூலையில் பேனாவைக் கடித்துக்கொண்டிருப்பான்.

அதனால் அத்தான், பதில் சொல்பவர்கள் எழுந்து நிற்க வேண்டும் என்றார். இருபத்தொன்பது எழுந்து உட்கார்ந்தான். முப்பது எழுந்து உட்கார்ந்தான். பட்டியலில் அடுத்தது முப்பத்திரண்டு. நடுவில் முப்பத்தொன்று என்ற எண்ணே இல்லை. அவர் மூச்சு வாங்கிய அந்த இடைவெளியில்... கடைசி வரிசையில் தொண்டையைச் செருமுகிற சத்தம்.

"எஸ் சார்."

கடைசி வரிசை காலி. ஈர சிமென்ட் வாசனை வந்தது. ஒரு மாணவன்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. எல்லோரும் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

எதிரொலியோ என்று சோதித்தார். மின்விசிறியை நிறுத்தி, ஜன்னலைச் சாத்தி, கை தட்டிப் பார்த்தார். எதிரொலி, கொடுத்ததைத்தான் திருப்பித் தரும். யாரும் சொல்லாத வார்த்தையை அது எப்படிச் சொல்லும்? அலுவலகத்தில் விசாரித்தார். அந்த நம்பரை யாருக்கும் கொடுப்பதில்லை என்பதோடு பேச்சை முடித்துவிட்டார்கள்.

பிறகொரு நாள் லென்ஸ் வாங்க ஆய்வகத்துக்குப் போனார். அங்கே உதவியாளராக இருப்பவர் முதல் செட்டில் படித்தவர். எல்லோருக்கும் லேப் அண்ணன். கீழ்த்தளத்தை விட்டு மேலே வரவே மாட்டார். என்ன வேண்டும் என்று கேட்பதற்கு முன்னால் அவர் தொண்டையைச் செருமினார்...

அதே செருமல்.

அத்தான் கதவைச் சாத்திவிட்டு நேராகவே கேட்டார். லேப் அண்ணன் சொல்லத் தொடங்கினார். முப்பத்தொன்று அவருடைய அறைத் தோழன். மதியம் தூங்குவதற்காக, வேலை முடியாத மேல்மாடிக்குப் போவான். ஒரு நாள் வகுப்புக்கு வரவில்லை. இவர் பிராக்ஸி கொடுத்தார். மறுநாளும் கொடுத்தார். சொல்லாமல் ஊருக்குப் போயிருப்பான் என்று நினைத்திருக்கிறார். அதே வாரம் அவன் அப்பா போன் செய்தார். அலுவலகம் வருகையைப் பார்த்துவிட்டு, பையன் தினமும் வருகிறான், கவலைப்படாதீர்கள் என்றது. அவரும் போனை வைத்துவிட்டார்.

கடைசியில் தேடிக் கண்டபோது, லிஃப்டுக்காக விட்டிருந்த குழியில் இறந்து கிடந்தான். விழுந்ததில் கால்தான் உடைந்திருந்தது. உடனே உயிர் போகவில்லை. உட்கார்ந்தபடி கை எட்டுகிற உயரம் வரைக்கும் சுவரில் நகக் கீறல் இருந்ததாம். நிர்வாகம் குழியை மூடியது, மாடிதோறும் லிஃப்ட் வாசல்களைச் செங்கல் வைத்து அடைத்தது, எண்ணை எடுத்துவிட்டது. பளிங்குக் கல்லில் அந்த வருடத்துக்கு நேராக, புதிய மாடி எழுந்தது என்று மட்டும் இருக்கிறது.

"கத்தியிருப்பான் சார்," என்றார் லேப் அண்ணன். "மேல வேலை நடக்கிற சத்தத்துல எதுவும் கேக்கல. கேட்டதெல்லாம் என் குரல்தான். அவன் இருக்கான், இருக்கான்னு நானே தினமும் சொல்லிட்டிருந்தேன்."

அன்று மாலை அத்தான் அவரைக் கையைப் பிடித்து மாடிக்கு அழைத்துப் போனார். அடைத்த வாசலைத் தாண்டும்போது லேப் அண்ணன் கண்ணை மூடிக்கொண்டார். கரும்பலகை ஓரமாக நின்றார். வருகை தொடங்கியது. முப்பது எழுந்து உட்கார்ந்தான். இடைவெளி... செருமல்.

"எஸ் சார்."

லேப் அண்ணனின் வாய் மூடியே இருந்தது. ஆனால் குரல் அவருடையதுதான். இருபது வயதுக் குரல். சுவரைப் பார்த்துப் பேசிய குரல்.

அவர் மேசையைப் பிடித்துக்கொண்டார். "இல்ல சார். அவன் வரல. போய்த் தேடுங்க."

மாணவர்கள் அன்றைக்குத்தான் முதன்முறையாகக் கடைசி வரிசையைத் திரும்பிப் பார்த்தார்கள். வெளியே மாடிப்படியில் தடதடவென்று பல கால்கள் மேலே ஓடின... வகுப்பை விட்டு யாரும் அசையவில்லை. சத்தம் உச்சியில் போய் நின்றது. சிமென்ட் வாசனை போய்விட்டது. அத்தான் வருகையை மறுபடி முதலிலிருந்து எடுத்தபோது தலையும் குரலும் சரியாக வந்தன.

தீர்ந்தது என்று நினைத்து, மறுநாள் வழக்கம்போல வருகை எடுத்தார். செருமல் திரும்பவும் வந்தது.

லேப் அண்ணன் இப்போது இல்லை. அவர் சொன்னதை மாணவர்கள் முறை வைத்துச் சொல்கிறார்கள். அந்தக் கல்லூரியில் அவர்கள் கிண்டல் செய்யாத ஒரே வேலை அதுதான். புதிதாக வருகிற வாத்தியாருக்கு அத்தானே செய்முறையைச் சொல்லிக்கொடுக்கிறார். முப்பதுக்குப் பிறகு முப்பத்தொன்றைக் கூப்பிட வேண்டும். ஒருவர் எழுந்து, அவன் வரவில்லை, போய்த் தேடுங்கள் என்று உரக்கச் சொல்ல வேண்டும். படியில் ஏறுகிற காலடிச் சத்தம் மேலே போய் நிற்கும் வரைக்கும் காத்திருக்க வேண்டும். அதற்கப்புறம்தான் முப்பத்திரண்டு.