மரத்தைக் குத்தும் ஊசி

கோலா கெடாவில் லங்காவி ஃபெரிக்கு வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் பழைய சாமான் சேர்க்கும் இருவர், ஓர் ஆணும் ஒரு பெண்ணும். அக்கரையில் கண்காட்சி வைக்கப் போகிறார்கள். அந்தப் பெண்ணின் கையில் மரப்பிடி போட்ட குட்டை ஊசி ஒன்று; அவர் கையில் சாமான்களுக்கு வைக்கும் பெயர்ச் சீட்டுகள்.

“காது குத்துறதுன்னு எழுதிட்டேனே, தங்கச்சி!”

“மரத்தக் குத்துறதுண்ணே. நேத்து பாடாங் மேஹா தோட்டத்துல ஒரு ரப்பர் மரத்துல குத்திப் பாத்துட்டேன். ஊசி எவ்வளவு இறங்குதோ, அவ்வளவுதான் பட்டை மிச்சம். ஆழமா வெட்டி மரத்துக்குக் காயம் பட்டிருந்தா, பால் வெட்டுனவங்களுக்கு ஏச்சு. எங்கம்மா எவ்வளவு வாங்கியிருக்காங்க!”

“அப்ப இது துரைமாரு சாமான்லா. நம்ம மேசையில எதுக்கு? பெட்டியில போடு.”

“போடமாட்டேன். முன்னாடிதான் வைப்பேன்.”

“சரி, என்னான்னு எழுதுறது?”

“மரத்துக்குக் காயமான்னு பாக்குற ஊசின்னு எழுதுங்க.”

வரிசை நகர்ந்தது. அவர் நகராமல் நின்று சீட்டில் எழுதினார்.

“பக்கத்துல ஒரு எடம் காலியா விடுங்கண்ணே. ஆளுக்குக் காயமான்னு பாக்குற சாமான் கெடைச்சா வைக்கலாம். இத்தன வருசமா தேடுறோம், ஒன்னுகூட கெடைக்கல.”

“ஏன் காலியா இருக்குன்னு யாராவது கேட்டா?”

“கேக்கட்டும்லா. அதுக்குத்தான் விடச் சொல்றேன்.”