முப்பத்தோராண்டு "இருக்கலாம்" சொன்ன எங்கள் முதுகெலும்புப் பிரிவு மருத்துவர் அம்மையாருக்கு

அறுவைக்கு அவசரப்படாத அறிவே! அளவுகோலையும் ஐயத்தோடு அணுகிய ஆற்றலே! பென்சிலும் பொறுமையும் பிரியாத பெருந்தகையே! வளைந்த முதுகுகளின் முன் வளையாது நின்ற வாய்மையே! எங்கள் மருத்துவர் அம்மையீர்!

வணங்கி எழுதுகிறோம், கொஞ்சம் குழம்பியும் எழுதுகிறோம். பணிநிறைவு மடலென்றால் "இத்தனை பேரைக் குணமாக்கினீர்கள்" என்று தொடங்குவது வழக்கம். நாங்களும் அப்படித்தான் தொடங்கியிருந்தோம். பதிவு மேசையில் கிடந்த அந்தத் தாளைத் தாங்கள் பார்த்துவிட்டீர்கள். "குணமாக்கினேன்னு எப்படித் தெரியும்?" என்று கேட்டு, முதல் வரியைப் பென்சிலால் அடித்தும் விட்டீர்கள். தாழ்வாரத்தில் தங்களுக்கு "இருக்கலாம் மேடம்" என்று பெயர் வந்தது சும்மாவா?

அடிபட்ட வரியை எழுதியவர், பதிவு மேசையில் சீட்டுப் போடும் நம் அக்கா. அவர் மகளுக்குப் பன்னிரண்டு வயதில் முதுகுத்தண்டு பக்கவாட்டில் வளையத் தொடங்கியது. வலத் தோள் ஏறி நின்றது. சீருடை ஒரு பக்கமாய் இழுத்தது. வளைவு நாற்பத்தைந்து பாகையைத் தாண்டினால் கத்திதான் என்று யாரோ சொல்ல, அக்காவுக்கு உறக்கம் போயிற்று. வரிசையில் நின்றவர்கள் ஆளுக்கொரு வழி சொன்னார்கள். நீச்சல் என்றார் ஒருவர். கம்பியில் தொங்கவிடச் சொன்னார் இன்னொருவர். பிசியோதெரபி அறைத் தம்பி, வளைவுக்கென்றே பயிற்சி இருக்கிறது என்றார். சித்தப்பா முறையுள்ள ஒருவரோ, தைலம் தேய்த்து எலும்பைத் தட்டுபவரிடம் பிள்ளையைக் கையோடு கூட்டிப் போனார். நான்கு மாதம் கழித்து எடுத்த எக்ஸ்ரேயில் முதல் படத்தில் இருந்த இருபத்தொன்பது பாகை இருபத்தாறாகியிருந்தது! அக்காவுக்குக் கால் தரையில் பாவவில்லை. அன்றைக்கு வந்தவர்கள் சீட்டிலெல்லாம் தைலக்காரரின் தொலைபேசி எண்ணும் சேர்ந்தே ஏறியது.

தாங்கள் சினந்தீர்களா? இல்லை. பழைய படத்தையே விளக்குப் பெட்டியில் மாட்டி, அக்காவின் கண்ணெதிரில் மூன்று முறை கோடு கிழித்து அளந்தீர்கள். இருபத்தேழு. முப்பது. இருபத்தெட்டு.

"என்ன மேடம் இது? படம் ஒண்ணுதானே?"

"படமும் ஒண்ணு, முதுகும் ஒண்ணு. என் பென்சில்தான் அங்கயும் இங்கயும் போகுது. நாலஞ்சு பாகைய நான் வித்தியாசம்னே எடுத்துக்கறதில்ல."

"அப்ப தைலம் வேலை செய்யலையா?"

"வலி இருந்தா இதமா இருக்கலாம். வளைவ நிமித்தும்னு நம்பற மாதிரி ஒரு ஆய்வும் நான் பாக்கல."

அன்று அக்கா ஒரு சீட்டையும் உருப்படியாகப் போடவில்லை. பல்வலிக்காரர் இருவர் எலும்பு முறிவு அறையில் போய் உட்கார்ந்திருந்தார்கள்.

அடுத்த படம் முப்பத்தைந்து காட்டியது. இம்முறை பென்சிலைக் குறை சொல்ல வழியில்லை. அப்போது தாங்கள் ஒவ்வொன்றாய் எடை போட்டுச் சொன்னது எங்களுக்கு இன்றும் மனப்பாடம்.

"நீச்சல் உடம்புக்கு நல்லது, வளைவுக்குன்னு ஆதாரம் இல்ல. தொங்கறதும் அப்படித்தான். தம்பி சொல்ற பயிற்சி உதவலாம். ஆனா ஆய்வெல்லாம் சின்னது, கொஞ்ச நாள்தான் பாத்திருக்காங்க. வளர்ற புள்ளைக்கு, இந்த அளவு வளைவுக்கு, இருக்கறதுலயே வலுவான ஆதாரம் முதுகப் புடிச்சு நிறுத்தப் போடற பிரேஸுக்குத்தான். ஒரு பெரிய ஆய்வுல, போட்டவங்கள்ல நூத்துக்கு எழுபது பேருக்கு அறுவை அளவுக்குப் போகாம நின்னிருக்கு. போடாதவங்கள்லயும் கிட்டத்தட்ட பாதிப் பேருக்கு நின்னிருக்கு."

"பாதிப் பேருக்குச் சும்மாவே நிக்குமா? அப்ப என் பொண்ணு எந்தப் பாதி மேடம்?"

"தெரியலம்மா."

எத்தனையோ பெரியவர்கள் வாயில் எளிதில் வராத அச்சொல், தங்கள் வாயில் கூச்சமின்றி வந்தது. தலை சுற்றியபடியே அக்கா பிரேஸுக்கு அளவெடுக்கச் சொன்னார். நெஞ்சு முதல் இடுப்பு வரை இறுக்கும் அந்தப் பிளாஸ்டிக் கூட்டுக்கு மகள் "ஆமை ஓடு" என்று பெயர் வைத்தாள். நாளுக்குப் பதினெட்டு மணி நேரம், இரண்டரை ஆண்டு, வேர்க்குரு, அழுகை, தாயும் மகளும் முகம் பார்க்காமல் கழிந்த வாரங்கள். எலும்பு வளர்ச்சி முடிந்து, சென்ற மாதம் எடுத்த படத்தில் முப்பத்தாறு. அறுவை வேண்டியதில்லை.

அக்கா மகிழ்ந்தாரா? அதுதான் இல்லை. தங்கள் அறை வாசலிலேயே நின்று கேட்டார்: "போடாமலே நின்னிருக்குமா மேடம்? புள்ளைய அழ வெச்சதெல்லாம் வீணா?"

"நின்னிருக்கலாம். இந்த ஒரு பொண்ண வெச்சுச் சொல்ல முடியாதும்மா."

அக்காவின் முகம் சுருங்கியது. பக்கத்தில் நின்ற மகள்தான் வாய் திறந்தாள்: "இன்னொரு முதுகு இருந்தா, அதுக்கு ஓடு போடாம விட்டுப் பாத்திருக்கலாம்மா. நீ எனக்கு ஒண்ணுதானே குடுத்த?"

தாங்கள் வாய்விட்டுச் சிரித்ததை முப்பத்தோராண்டில் அன்றுதான் கேட்டோம். அக்காவும் சிரித்தார், கண்ணையும் துடைத்துக்கொண்டார்.

ஆகவே அம்மையீர், குணமாக்கினீர்கள் என்று எழுத மாட்டோம். அடிபட்ட வரிக்கு மாற்றாக அக்கா எழுதித் தந்தது இது: "என் மகள் எந்தப் பாதி என்று எனக்கு இன்னும் தெரியாது. தெரியாது என்பதை என்னிடம் மறைக்காமல், தெரிந்த வரைக்கும் என் கூடவே நின்றவர் நீங்கள் ஒருவர்தான்." இதன்மேல் பென்சில் வைக்க வேண்டாம். மூன்று முறை படித்து அளந்துவிட்டோம். மூன்று முறையும் ஒரே அளவுதான் வந்தது.

நோயின்றி, நோவின்றி, நிமிர்ந்த நடையோடு நெடுங்காலம் தாங்கள் வாழ்வீர்கள். இந்த ஒரு வரியில் மட்டும் "இருக்கலாம்" செல்லாது.

தங்கள் பென்சிலுக்கு இன்றும் அஞ்சும்,
முதுகெலும்புப் பிரிவுப் பணியாளர்கள்