பார்வையாளர்

பேருந்தில் முன் இருக்கைத் தம்பதியின் பேச்சிலிருந்து தெரிந்தவை:

1. ஸ்ரீரங்கத்தில் தனியாக இருக்கும் மனைவியின் அம்மாவுக்கு, துபாயிலிருக்கும் மனைவியின் அண்ணன், கவனித்துக்கொள்ள ஒரு கேர் மேனேஜரை வைத்திருக்கிறார்.
2. யார் வருவதானாலும் அந்த மேனேஜரிடம் முன்கூட்டியே கேட்க வேண்டும்.
3. மனைவி காலையிலேயே கேட்டுவிட்டார். பதில் இல்லை.

“ஆறு வருஷம் அம்மாவைக் குளிப்பாட்டினவ நான். அந்த மேனேஜர் மேடம் அண்ணனுக்கு அனுப்புற ரிப்போர்ட்ல என்னைப் ‘பார்வையாளர்’னு போட்டிருக்காங்க.”

“உங்கண்ணன் ஆள் வெக்கிறேன்னப்ப, அப்பாடான்னு தலையாட்டினது யாரு?”

“நீங்களும்தான் ஆட்டினீங்க.”

“சரி விடு. உங்கம்மா வீடுதானே? நேரா போயிடலாம்.”

“போன வாரம் அப்படித்தாங்க போனேன். அம்மாவே வாசல்ல நிறுத்தி, ‘மேடத்துகிட்ட சொல்லிட்டு வந்தியா’ன்னு கேட்டாங்க.”



ஸ்ரீரங்கத்தில் இறங்கி, இருவரும் நிறுத்தத்து பெஞ்சில் உட்கார்ந்தார்கள். அதுவரை மேனேஜரின் பதில் வரவில்லை.