நாற்பத்தேழாம் பாத்தி

வேர்க்கடலை எனக்கு ஆகாது. ஒரு கைப்பிடி வேகவைத்துத் தின்றால் போதும், அன்று முழுக்க வயிறு உப்பிக்கொண்டு உட்கார விடாது. கடலையோடு எட்டு வருஷம் குடித்தனம் நடத்திய ஆள் இப்படிச் சொன்னால் எல்லோரும் சிரிப்பார்கள். நீங்களும் சிரிக்கலாம், இன்ஸ்பெக்டர். ஆனால் இந்த வாக்குமூலத்தை நானே என் கையால் எழுதுகிறேன். உங்கள் ரைட்டர் நல்லவர்தான், ஆனால் ரகங்களின் எண்களைத் தப்பாக எழுதிவிடுவார் என்று எனக்குப் பயம்.

என் பெயர் தணிகாசலம். சென்னை எண்ணெய் ஆலைக்காரர்கள் நாலு பேர் கூட்டாகச் சேர்ந்து புதுவாயலுக்கு மேற்கே வைத்திருக்கும் விதைப் பண்ணைக்கு மேற்பார்வையாளன். எண்ணெய் கூடுதலாக இறங்க வேண்டும், இலைப்புள்ளி நோய் அண்டக்கூடாது, அப்படி ஒரு கடலை ரகம் வேண்டும் என்று 1949இல் என்னை வேலைக்கு வைத்தார்கள். இலைப்புள்ளியை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பயிருக்கு ஐம்பது நாள் ஆனதும் இலையெல்லாம் அம்மை போட்டதுபோல் கருப்புக் கருப்பாக விழும். இலை கொட்டும், காய் சூம்பிப்போகும். கும்மிடிப்பூண்டியிலிருந்து எளாவூர் வரை அதற்குத் தப்பிய கொல்லை கிடையாது.

இரண்டு ரகத்தைக் கலந்து மூன்றாவதை உண்டாக்கும் வேலை பொறுமையான வேலை. மறுநாள் மலரப்போகும் மொக்கை முதல் நாள் சாயங்காலமே ஊசியால் பிரித்து, உள்ளே இருக்கும் ஆண் பாகத்தை எடுத்துவிட வேண்டும். விடிந்ததும் வெயில் ஏறுவதற்குள் இன்னொரு ரகத்தின் மகரந்தத்தை அதில் வைத்து, காம்பில் சிவப்பு நூல் கட்ட வேண்டும். என் விரல்கள் தடிமன். மொக்கு நசுங்கிவிடும். அதனால் களையெடுக்க வந்த பெண்களில் கங்கம்மாவைப் பொறுக்கி எடுத்துப் பழக்கினேன். பத்து மொக்கைத் தொட்டால் ஏழு பிடிக்கும், அப்படி ஒரு கை அவளுக்கு. ஆனால் எதை எதோடு சேர்ப்பது என்று முடிவு செய்தது என் மூளை. இதை அழுத்தி எழுதுகிறேன், ஏனென்றால் பின்னால் எல்லோரும் மறந்தது இதைத்தான்.

1955இல் நாற்பத்தேழாம் பாத்தி தேறியது. சுற்றிலும் எல்லாப் பாத்தியும் இலை கொட்டி நிற்க, அது ஒன்று மட்டும் பச்சைப் பசேலென்று நின்றது. காயின் நுனியில் கிளி மூக்குபோல் ஒரு வளைவு. எண்ணெயும் மற்றதைவிடக் கூடுதல். நான் வரப்பில் உட்கார்ந்து அழுதேன். கங்கம்மா, "இன்னா சார், நல்ல சமாச்சாரத்துக்குப் போயி அழுவுறீங்கோ" என்று சிரித்தாள். முதலாளிகள் வந்து பார்த்தார்கள். ரகத்தை வெளியிடும்போது 'தணிகாசலம்' என்றே பெயர் வைப்பதாக வாக்குக் கொடுத்தார்கள். எனக்குப் பெண்டாட்டி இல்லை, பிள்ளை இல்லை. என்னைச் சொல்ல இந்த மண்ணில் மிஞ்சப்போவது அந்தப் பெயர் ஒன்றுதான்.

இனி தப்புக்காய் விஷயம். கடலைச் செடியைப் பிடுங்கும்போது சில காய்கள் அறுந்து மண்ணுக்குள் தங்கிவிடும். மூன்றாம் நாள் பெண்கள் களைக்கொத்தியோடு வந்து அதைத் தோண்டி எடுத்துப்போவார்கள். அது அவர்கள் பாத்தியதை; எந்தக் கொல்லைக்காரனும் தடுக்கமாட்டான். ஒரு விதைப் பண்ணையில் அதை விட்டிருக்கக் கூடாது. விட்டேன். தடுத்திருந்தால் எங்கள் கூலிக்குக் காய் பிடுங்க ஒருத்தியும் வந்திருக்கமாட்டாள். அந்த அளவுக்கு என் மேலும் தவறு இருக்கிறது. நான் நியாயமாகத்தான் பேசுகிறேன்.

போன தை மாதம் ஒரு வேலையாகப் பொன்னேரி போனேன். கடலை வியாபாரி பக்கீர் முகம்மதுவின் கிடங்கு வாசலில் காய் குவித்திருந்தது. எல்லாக் காயிலும் கிளி மூக்கு. ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றுவிட்டேன்.

"இது ஏது பாய்?"

"தெரியாதா சார்? கங்கம்மா கல்ல. உங்க பண்ணையாண்ட கீறாங்களே, அந்த அம்மாதான் விதை குடுத்துச்சாம். சீக்கே வராதாம் சார், எண்ணெயும் சும்மா கொட்டுது. இந்தப் பக்கம் இப்ப எல்லாரும் இதான் போட்டுக்கினு கீறாங்கோ."

தப்புக்காயில் ஒரு படி எடுத்துத் தன் குழிநிலத்தில் போட்டிருக்கிறாள். விளைந்ததை அக்கம்பக்கம் கொடுத்திருக்கிறாள். இரண்டு வருஷத்தில் ஊர் முழுக்கப் பரவிவிட்டது. முதலாளிகளிடம் போனேன். ஏற்கெனவே ஊரெங்கும் ஒரு பெயரில் விளைகிற கடலைக்கு இன்னொரு பெயர் எதற்கு என்றார்கள். அத்தோடு முடிந்தது.

எட்டு வருஷம் பக்கத்தில் உட்காரவைத்துத் தொழில் கற்றுக்கொடுத்தவளே என் கழுத்தை அறுத்துவிட்டாள் என்று நினைத்தேன். இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன். அவளிடம் ஏன் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. துரோகம் செய்தவரிடம் போய் விளக்கம் கேட்பது எனக்குப் பிடிக்காது. மறுநாள் காலை அவள் வழக்கம்போல் ஊசியும் நூலுமாக வந்து, "நாஷ்டா ஆச்சா சார்?" என்றாள். ஆயிற்று என்றேன்.

இந்த வருஷம் சித்திரையில் காய் பிடுங்கி முடித்த அன்றே நாற்பத்தேழாம் பாத்தியில் மறுபடி விதைத்தேன். விதைக்குப் பூசும் மருந்து போட்ட விதை. பூச்சி புழு அண்டாமலிருக்க எல்லாப் பண்ணையிலும் போடுவதுதான். டப்பாவில் மண்டை ஓடு போட்டிருக்கும். மருந்து போட்ட விதையைத் தின்னக்கூடாது என்று பண்ணை ஆட்களுக்கெல்லாம் பல தடவை சொல்லியிருக்கிறேன். கங்கம்மாவுக்கும் அது நன்றாகத் தெரியும். பாத்தி ஓரத்தில் ஒரு எச்சரிக்கைப் பலகைகூட நட்டேன். இங்கிலீஷில் எழுதியிருந்தேன், முதலாளிகளுக்கு எல்லாம் இங்கிலீஷில் இருந்தால்தான் பிடிக்கும்.

மூன்றாம் நாள் பெண்கள் வந்தார்கள். கங்கம்மா தன் மகள் மணியம்மாளையும் கூட்டிவந்திருந்தாள். ஒன்பது வயசு. இந்தத் தடவை தப்புக்காய் நிறையக் கிடைக்கிறது என்று அந்தக் குழந்தை பாவாடையை ஏந்திக்கொண்டு ஓடி ஓடிப் பொறுக்கியது. எட்டு வருஷமாகத் தடுக்காத நான் அன்று மட்டும் குறுக்கே போய் நின்றால் நன்றாக இருக்காது. வேப்பமரத்தடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். போகும்போது கங்கம்மா ஒரு கைப்பிடி என்னிடம் நீட்டினாள். எனக்கு ஆகாது என்று அவளுக்கே நினைவு வந்து, சிரித்துக் கையை இழுத்துக்கொண்டாள்.

ஒரே நாளில் எதுவும் நடக்கவில்லை. காயவைத்து வைத்துக்கொண்டு தினம் கொஞ்சமாக வேகவைத்துத் தின்றிருக்கிறார்கள். வைகாசிக் கடைசியில் நடை தள்ளாடுகிறது, கண் மங்குகிறது என்று பேச்சு வந்தது. மூன்று வீட்டில் ஆறு பேர் போனார்கள். அதில் நாலு குழந்தைகள். மணியம்மாள் மூன்றாவதாகப் போனாள். கங்கம்மா பிழைத்துக்கொண்டாள், ஆனால் கை நடுக்கம் நிற்கவில்லை. தண்ணீர்ச் செம்பை இரண்டு கையாலும் பிடித்தாலும் சிந்துகிறது. அந்தக் கை இனி ஒரு மொக்கைத் தொட முடியாது. பண்ணைக்கு அது பெரிய இழப்பு.

டாக்டர் ஏதோ விஷக்காய்ச்சல் என்றார். என்னை யாரும் சந்தேகப்படவில்லை. நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். ஆனால் ஊரார் வேறு ஒரு முடிவுக்கு வந்தார்கள். கங்கம்மா கடலையைத் தின்றதால்தான் சாவு, அந்த ரகமே விஷம் என்று கிளப்பிவிட்டார்கள். விதைக்கு வைத்திருந்த காயையெல்லாம் தெருவில் கொட்டி எண்ணெய் ஊற்றிக் கொளுத்துகிறார்கள். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. அதனால்தான் நானாகவே இங்கே நடந்து வந்தேன். நாற்பத்தேழின் மேல் எந்தக் குற்றமும் இல்லை. அதைக் கொளுத்தக் கூடாது என்று நீங்கள் தண்டோரா போட வேண்டும்.

அதற்கு ஆதாரம் வேண்டும் என்பீர்கள். தருகிறேன். கடலை விதைக்கிறவன் காயை உடைத்துப் பருப்பைத்தான் விதைப்பான். நான் முழுக் காயாகப் புதைத்தேன். கிணறு வற்றிப்போன கத்திரி வெயிலில், முளைக்காது என்று தெரிந்தே, தப்புக்காய் கிடக்கும் ஆழத்தில் புதைத்தேன். மருந்து போட்டதும் நான்தான். போய்த் தோண்டிப் பாருங்கள், அவர்கள் கைக்குத் தப்பியவை இன்னும் சில இருக்கும்.

கடைசியாக ஒன்று. நேற்றுக் காலை கங்கம்மா சுவரைப் பிடித்துக்கொண்டே பண்ணை வாசலுக்கு வந்தாள்.

"சார், ஊர்ல நம்ம கல்லயக் கொளுத்துறாங்கோ. அதுல எதுனா சீக்கு பூந்துகிச்சான்னு பாருங்க சார். எம் பொண்ணு போயிட்டா, அத்த இன்னா பண்றது. உங்க பேரும் கெட்டுப்பூடும் சார்."

"என் பேர் அதில் எங்கே இருக்கிறது?" என்றேன்.

"இன்னா சார் இப்டி கேக்குறீங்கோ? நான் வெதை குடுக்க சொல்லோ ஒவ்வொருத்தர்கிட்டயும் தணிகாசலம் சார் கல்லன்னு சொல்லித்தான் குடுத்தேன். அந்த பாய்தான் உங்க பேரு வாய்ல நொழையலன்னு எம் பேர வெச்சிக்கினாரு. நான் எவ்ளோ சொல்லியும் கேக்கல."

இதை அவள் தை மாதமே என்னிடம் சொல்லியிருக்கலாம், இன்ஸ்பெக்டர். தினமும் பக்கத்தில் உட்கார்ந்து வேலை செய்தவள், வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அந்த ஆறு பேரும் இன்று உயிரோடு இருப்பார்கள். என்னைக் கேட்டதுபோல் அவளையும் கூப்பிட்டு, ஏன் மறைத்தாய் என்று கேளுங்கள்.