பின் கதவு விளக்கு

ராத்திரி ரெண்டு மணி இருக்கும். குடோன் மதிலை ஒட்டியே போற ரோடு... அந்த நேரத்துல நாய்கூட நடக்காது. தெருவிளக்குன்னு பேருக்கு ஒண்ணு, அதுவும் எரியாது. அந்த ரோட்டுல ஒரு மனுஷன் தன்னந்தனியா ஒரு காரைத் தள்ளிக்கிட்டுப் போறாரு. ஒரு கை ஸ்டியரிங்ல, தோள் கதவுச் சட்டத்துல. பின் சீட்டுல அவர் சம்சாரம், நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு...

டேய், அந்தக் கதவை ஒருக்களிச்சு வெக்காதே. ஒண்ணு திற, இல்லன்னா சாத்து. ஏன்னு பின்னால சொல்றேன்.

இது நம்ம பெயிண்டரோட மாமனாருக்கு நடந்தது. சிரிக்காதீங்க. வேலைக்கு எப்ப வரேங்கிறதைத் தவிர வேற எதுலயும் பெயிண்டர் பொய் சொல்ல மாட்டான். அவன் மாமனாரை பேட்டரிக்காரர்னா எல்லாருக்கும் தெரியும். வண்டி எலெக்ட்ரிக் வேலையில கை தேர்ந்தவர். அவருக்கு ஒரு பழக்கம். யாராச்சும் பேட்டரி செத்துப் போச்சுன்னு கடையில வந்து நின்னா, புதுசு வர்ற வரைக்கும் ஓட்டுங்கன்னு தன் கார்ல இருக்கிற நல்ல பேட்டரியைக் கழட்டி மாட்டி விட்ருவாரு. அவங்க சொத்தை பேட்டரி இவர் கார்ல பேருக்கு உக்காந்திருக்கும்.

"நமக்கு ஒரு அவசரம்னா என்ன பண்ணுவீங்க?"ன்னு அவர் சம்சாரம் கேப்பாங்க.

"நமக்கு என்ன அவசரம் வரப் போகுது"ம்பாரு.

வந்துச்சு. நெஞ்சு வலிக்குதுன்னு எழுந்து உக்காந்தாங்க, வேர்த்துக் கொட்டுது. ஆம்புலன்ஸுக்கு ஃபோன் போட்டா, வர நேரமாகும்னுட்டான். வாரிக்கிட்டுப் போய் கார்ல உக்கார வெச்சு சாவியைத் திருப்பினா... டிக். டிக். டிக். அவ்வளவுதான். அப்பதான் அவருக்கு ஞாபகம் வருது, சாயங்காலம் யாருக்கோ பேட்டரியைக் கழட்டிக் குடுத்தது.

குடோன் தாண்டினா இறக்கம். அங்க வரைக்கும் தள்ளிட்டா உருட்டி ஸ்டார்ட் பண்ணிடலாம்னு தள்றாரு. அந்தம்மா காத்து வேணும்னு பின் கதவை ஒரு விரல் அளவு திறந்தே வெச்சிருந்தாங்க. கதவு திறந்திருந்ததால மேல சின்ன விளக்கு எரியுது, மஞ்சளா, மங்கலா. இவர் தொழில் மூளை சும்மா இருக்குமா? அந்த விளக்கு பேட்டரியில இருக்கிற கடைசிச் சொட்டையும் குடிச்சிடும், அப்புறம் இறக்கத்துலயும் வண்டி கிளம்பாதுன்னு பட்டுச்சு. இறக்கம் வந்ததும் நின்னு, பின் கதவை அழுத்திச் சாத்திட்டு, ஏறி உக்காந்து தன் கதவையும் மூடினாரு. விளக்கு அணைஞ்சுது.

"ஏங்க... லைட்டை அணைக்காதீங்க. இருட்டா இருக்கு."

"ஒரு நிமிஷம் பொறுத்துக்கோம்மா."

அந்தம்மா கடைசியா பேசினது அதுதான். வண்டி ஸ்டார்ட் ஆச்சு. ஆகி என்ன... ஆஸ்பத்திரி வாசல்ல பின் கதவைத் திறந்தாரு, விளக்கு எரிஞ்சுது. கண்ணு ரெண்டும் விளக்கைப் பாத்தபடியே நின்னு போயிருந்துச்சு.

அந்தக் காரை விக்க அவருக்கு மனசு வரல. தன் பேட்டரியையும் அதுக்கப்புறம் யாருக்கும் குடுக்கல. கொஞ்ச நாள்ல மகளும் மருமகனும், அதான் நம்ம பெயிண்டர், அவரோடயே வந்து தங்கினாங்க. மகளுக்கு மாசம் நெருங்கிடுச்சு. எந்த நேரத்துல கூப்பிட்டாலும் வண்டி கிளம்பணும், இந்தத் தடவை நிக்கவே கூடாது. அவருக்கு அது ஒண்ணுதான் நெனப்பு. புது பேட்டரியா வாங்கிப் போட்டாரு.

காலைல சாவியைத் திருப்பினா... டிக். டிக்.

சார்ஜ் ஏத்தினாரு. மறுநாளும் அதே கதை. சரின்னு உக்காந்து முறையா பாக்க ஆரம்பிச்சாரு. பேட்டரி ஒயர் முனையில பூத்திருந்த பழைய வெள்ளையைச் சுரண்டி இறுக்கினாரு. லோடு குடுத்துப் பாத்தாரு, பேட்டரி கல்லு மாதிரி தாங்குது. இன்ஜினை ஓடவிட்டு மீட்டர் வெச்சா பதினாலு வோல்ட், ஆல்டர்னேட்டர் ஒழுங்கா சார்ஜ் பண்ணுது. அப்ப வண்டி சும்மா நிக்கிறப்ப ஏதோ ஒண்ணு கரண்ட்டைக் குடிக்குது. பகல்ல மீட்டர் வெச்சுப் பாத்தா முள் அசையவே இல்ல. அப்ப ராத்திரியில பாக்க வேண்டியதுதான்னு முடிவு பண்ணாரு.

எல்லாரும் தூங்கினப்புறம் ஷெட்டுக்குப் போனாரு. பானட்டைத் தூக்கி, ஒயரைக் கழட்டி, நடுவுல மீட்டரைக் கோத்தாரு. முள் மெல்ல ஏறி நின்னுச்சு. எங்க குடிக்குதுன்னு கண்டுபிடிக்க ஃப்யூஸை ஒவ்வொண்ணா உருவணும். ஹாரனை உருவினாரு, முள் அசையல. ரேடியோ... அசையல. வைப்பர்... ம்ஹூம். கடைசியா உள் விளக்கோட ஃப்யூஸ். உருவினதும் முள் பொத்துன்னு பூஜ்யத்துல விழுந்துச்சு.

பின் சீட்டுலேர்ந்து... ரொம்ப மெதுவா...

"ஏங்க. இருட்டா இருக்கு."

ஃப்யூஸைத் திருப்பி சொருகிட்டு, பானட்டைச் சுத்தி வந்து பாத்தாரு. பின் கதவு ஒரு விரல் திறந்திருக்கு. விளக்கு எரியுது. யாருமில்ல. ஆனா தைல வாசனை... அந்தம்மா தினம் படுக்கிறப்ப நெத்தியில தடவிக்கிற தைலம். அவர் கதவைத் தொடவே இல்ல. அப்படியே தரையில உக்காந்து, வாய்ல துண்டை வெச்சுக்கிட்டு அழுதாரு.

விஷயத்தைக் கேட்டுட்டு நம்ம பெயிண்டர், "பல்பைக் கழட்டிடுங்க மாமா, வேலை முடிஞ்சுது"ன்னான்.

"ஒரு தரம் அணைச்சேன்யா. இன்னொரு தரம் என்னால ஆகாது."

அப்புறம் என்ன பண்ணாரு தெரியுமா? டிக்கியில இன்னொரு சின்ன பேட்டரியை வெச்சு, அந்த ஒத்தை விளக்குக்கு மட்டும் தனியா ஒயர் இழுத்தாரு. பெரிய பேட்டரி மகளுக்கு. சின்னது சம்சாரத்துக்கு. ராத்திரியெல்லாம் எரிஞ்சு சின்னது காலியாகும், இவர் கழட்டி சார்ஜ் போட்டு இருட்டுறதுக்குள்ள திரும்ப மாட்டுவாரு. பச்சைக் குழந்தைக்குப் பால் குடுக்கிற மாதிரி, ஒரு வேளை தப்பாது.

மகளுக்கு வலி வந்ததும் நடுராத்திரிதான். சாவியைத் திருப்பினாரு. ஒரே திருப்பு... கிளம்பிடுச்சு. அதே குடோன் ரோடு. அவர் ஓட்டறாரு, பெயிண்டர் பக்கத்துல, பொண்ணு பின் சீட்டுல ஒருக்களிச்சுப் படுத்திருக்கு. கதவெல்லாம் சாத்தியிருக்கு, மேல விளக்கு மட்டும் எரியுது. கண்ணாடியில வெளிச்சம் அடிக்குதேன்னு பெயிண்டர் அணைக்கக் கையைத் தூக்கினான்.

"அணைக்காதீங்க"ன்னுச்சு பொண்ணு. "அம்மாவுக்கு இருட்டுன்னா பயம்."

கையை எடுத்தவன்தான், ஆஸ்பத்திரி வர்ற வரைக்கும் திரும்பிப் பாக்கல. கையைத் தூக்கித் திரும்பின அந்த ஒரு நொடியில, பொண்ணு தலை சீட்டுல படல, ஏதோ மடியில வெச்ச மாதிரி உயரமா இருந்துச்சுன்னு பிற்பாடு சொன்னான்.

பெண் குழந்தை. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க. விடிஞ்சு வீட்டுக்கு வந்து ஷெட்டைத் திறந்தா, மூலையில சார்ஜர் உர்ருனு ஓடுது. சின்ன பேட்டரி அதுல கெடக்கு. சாயங்காலம் பொண்ணுக்கு உடம்பு முடியலைன்னு பதறினதுல அதைத் திரும்ப மாட்ட மறந்திருக்காரு. டிக்கியில ஒயர் அறுந்த கயிறா தொங்குது. அப்ப ராத்திரி வழியெல்லாம் அந்த விளக்கு எதுல எரிஞ்சுது?

அன்னியிலேர்ந்து சின்ன பேட்டரியும் இறங்கல. ராத்திரி ராத்திரி மீட்டர் வெச்சுப் பாக்கிறாரு, முள் அசையறதில்ல. வேற யாரா இருந்தாலும் விட்டுது சனியன்னு நிம்மதியா தூங்கிருப்பாங்க. இவருக்குத்தான் நெஞ்சே ஆறல, போயிட்டாளேன்னு. இப்பெல்லாம் அவரே தினம் பின் கதவை ஒரு விரல் திறந்து வெச்சு, விளக்கை எரிய விட்டுட்டுத்தான் படுக்கப் போறாரு.

காலைல போய்ப் பாத்தா... விளக்கு அணைஞ்சிருக்கும். பேட்டரி ஒரு சொட்டுக் குறையாம இருக்கும். பின் கதவு அழுத்திச் சாத்தியிருக்கும்.

உள்பக்கமா பூட்டியிருக்கும்.