வெறும் வயித்துல குடுக்காதே

மூக்க மூடிக்கோக்கா, நான் கோச்சிக்க மாட்டேன். நாத்தம் என் மேலேர்ந்துதான் வருது. பெரிய காஞ்சிபுரத்துக்கு கல்யாணப் பொடவ எடுக்கவா போற? நல்ல காரியத்துக்குப் போறவ பக்கத்துல நான் வந்து குந்திக்கினேன் பாரு.

நர்ஸுக்கா நானு. இனிமே கொணமாவாதுன்னு வூட்டுக்கு அனுப்பிட்டவங்கள வூடு வூடா போய்ப் பாக்குறது என் வேல. ஒரு அம்மாவுக்கு மார்ல கேன்சர் புண்ணு, உள்ளங்கை அகலம், இப்பதான் கட்டு மாத்திட்டு வரேன். எம் பொண்ணு அனு, மூணு வயசு, என்னை வாசல்லியே நிறுத்தி குளிச்சிட்டு வான்னுது. என் மாமியாரே தேவல.

புண்ணு கூட அருவருப்பில்லக்கா. அது என்னா பண்ணும். மனுசங்கதான் சீ! அந்த ரத்னமாலாம்மாவுக்கு வலி தெரியாம இருக்க மார்ஃபின் மாத்திர குடுத்துட்டு வந்தேன், நாலு மணி நேரத்துக்கு ஒண்ணு. ஒரு வாரம் கழிச்சி இன்னிக்கிப் போறேன், பாதி மாத்திர அட்டையில அப்பிடியே கெடக்குது! ராத்திரி பூரா துணிய வாயில திணிச்சிக்கினு கத்துதாம் அந்தம்மா. மவன் பார்சுவநாதன், நெல்லு வியாபாரி, கேட்டா தலைய குனிஞ்சிக்கினு நிக்கிறாரு.

ஆமா, ஜைனருங்கதான். பொழுது சாஞ்சா ஒரு வாய் சோறு தொட மாட்டாங்க. அதுக்காக மாத்திரையுமா? வந்துச்சே எனக்கு ஆத்திரம்! பெத்தவ துடிக்கிறா, உனக்கு வெரதம் பெருசா, நீயெல்லாம் ஒரு புள்ளையான்னு கத்துனேன். தெருவே கூடிடிச்சி. வாசல்ல துப்பிட்டேன்கா, நெசமாவே. அவரு கண்ணுல தண்ணி. நடிக்கிறாருன்னு நெனச்சேன்.

இல்லக்கா, ராத்திரி எழுப்பியாச்சும் குடுன்னு சொல்லிட்டுதான் வந்தேன். இன்னிக்கி அந்தம்மா தூங்கிடும்.

அப்பறம் என்னாவா? ஸ்டாப்புல நிக்கிறேன், அவரு பொண்ணு ஜனனி ஓடியாந்து ஒரு சீட்ட கையில வெச்சிச்சி. அப்பா இதப் பாத்துதான் குடுத்தாரு சிஸ்டர்னுச்சி. திரும்பிப் போயிடிச்சி.

மருந்து எப்பிடிக் குடுக்கணும்னு போன வாரம் எழுதினது. வெறும் வயித்துல குடுக்கவே கூடாதுன்னு அடியில ரெண்டு கோடு போட்டு இருக்குது. அந்த வூட்ல ஆறு மணிக்கு மேல ஏதுக்கா சாப்பாடு?

என் கையெழுத்துதான். வாந்தி வரக் கூடாதேன்னு எல்லாருக்கும் எழுதறதுதான்.

படிச்சேன். பஸ்ஸு வந்துச்சி, ஏறிட்டேன். ஏழு ராத்திரி கத்தியிருக்குதுக்கா அந்தம்மா. கால கொஞ்சம் நகத்திக்கோ, அடுத்த ஸ்டாப்புல எறங்கி திரும்பிப் போவணும். அதே தெருவுல, எல்லாரும் இருக்கும்போதே சொல்லணும்.